கொடி இறங்கிய மறுநாள் காலை: ஆட்சி கைமாறும்போது சட்டமன்ற விதிகளைப் பேசி முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தம்பு செட்டித் தெருவில் எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ பழைய சொத்து வழக்குக் கட்டு வந்தால், அதில் பிரெஞ்சுக் காலத்து நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரி, எழுதிய பத்திரம் தலைகாட்டும். அதைப் புரட்டிப் பார்க்கும் புது ஜூனியர் எவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆச்சே சார், அவன் சட்டம் எப்படி இன்னும் நம்ம ஹைகோர்ட்டுல பேசுது?"

நான் ஜன்னல் வழியாகக் கீழே காட்டுவேன். இந்தத் தெருவில் வீடு கைமாறினால், தரைத்தளத்துக் கடைக்காரரோடு சேர்த்துத்தான் கைமாறும். சார்பதிவாளர் ஆபீஸில் பத்திரம் முடிந்த மறுநாள் காலையிலும் அந்தக் கடைக்காரர் வழக்கம்போல ஷட்டரைத் தூக்குவார். பழைய சட்டமும் அப்படித்தான், வீட்டோடு வரும் வாடகைதாரர். அவரை வைத்துக்கொள்வதா என்பதில் அவ்வளவு சண்டை வராது. இனி வாடகையை யார் உயர்த்தலாம், யார் காலி செய்யச் சொல்லலாம், அதற்கு எத்தனை பேர் சம்மதம் வேண்டும் என்பதில்தான் சண்டை வரும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சனிக்கிழமை மாலைகளில் சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலரோடு உட்காருகிறேன். மாதிரிப் பேச்சுவார்த்தை நடத்துவோம்: ஒரு நிலப்பகுதி ஒரு நாட்டிடமிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறது, சட்டமன்ற விதிகளை மூன்று மணி நேரத்தில் பேசி முடிக்க வேண்டும். முதல் முறை நடத்தியபோது கொடி, தேசிய கீதம், தபால்தலை என்றே இரண்டரை மணி நேரம் போய்விட்டது. மிச்ச நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "முதல் கூட்டத்தை யார் கூட்டுவது?" என்று கேட்டாள். ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை. நம் வாசலிலேயே இருக்கும் புதுச்சேரியையும், 1997-இல் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குப் போனபோது விதிகளைப் பேச முடியாமல் முறிந்துபோன ஹாங்காங்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

படி 1: எதிரில் இருப்பவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உண்டா?

இதை எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே கற்றுக்கொள்ளலாம். 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். ஒரு பெரிய தொகையை ஈடாக வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரிடம் ஒப்புக்கொண்டார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, அப்படி ஒப்புக்கொள்ள அவருக்கு அதிகாரமே இல்லை என்றார். லா பூர்தொனே கப்பலேறியதும் ஒப்பந்தம் காற்றில் போனது. கடைசியில் 1748-இல் ஐரோப்பாவில் கையெழுத்தான எக்ஸ்-லா-ஷாப்பேல் உடன்படிக்கைப்படிதான், 1749-இல் மதராஸ் திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

ஆகவே மேஜையில் உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தத் தூதுக்குழு போடும் கையெழுத்து அதன் அரசைக் கட்டுப்படுத்துமா? அதை நாடாளுமன்றம் ஏற்க வேண்டுமா, அப்படியானால் எத்தனை நாளில்? இந்த இரண்டாவது கேள்விதான் அடுத்த படி.

படி 2: தேதி ஒன்றா, இரண்டா?

புதுச்சேரிக் கதையை எல்லோரும் ஒரே தேதியில் சொல்லி முடித்துவிடுவார்கள். உண்மையில் அது நீண்ட கதை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. வக்கீல்கள் 'டி ஃபாக்டோ', அதாவது நடைமுறையில் கைமாறுவது, என்பது இதைத்தான். உரிமையைக் கைமாற்றும் உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தானது. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, பத்திரங்கள் பரிமாறி, 'டி ஜூரே', அதாவது சட்டப்படியான, மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. நடுவில் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள்.

அந்த எட்டு ஆண்டுகளில் புதுச்சேரி என்னவாக இருந்தது? சாவி நம்மிடம், பத்திரம் அவர்கள் பெயரில். இந்திய அரசு 1947-ஆம் ஆண்டு வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டத்தின் கீழ் ஆணைகள் போட்டுத்தான் நிர்வாகம் நடத்தியது. இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டால் அது தானாகப் புதுச்சேரிக்கும் போய்ச் சேர்ந்துவிடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகார வரம்பு புதுச்சேரிக்கு நீண்டதும் 1962-க்குப் பிறகுதான்.

இதனால் ஒரு பழக்கம் வேண்டும். வரைவில் வரும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓரத்தில் பென்சிலால் "எந்தத் தேதியிலிருந்து?" என்று எழுதுங்கள். ஹாங்காங் மாதிரி ஒரே நள்ளிரவு என்றால் வேலை சுலபம். இரண்டு தேதிகள் என்றால், இடைக்காலத்தில் புதுச் சட்டம் போடும் பேனா யார் கையில் என்று தனியாக ஒரு பிரிவு எழுத வேண்டும். மாணவர்கள் மறந்துபோகும் முதல் பிரிவு இதுதான்.

படி 3: பழைய சட்டங்களுக்கு ஒரு வாசகம்

எந்தச் சட்டம் தொடரும், எது விழும், எது திருத்தத்தோடு தொடரும் என்று மூன்று கட்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் எல்லாரும் ஒரே வழியைப் பிடிக்கிறார்கள்: "வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, உள்ள சட்டங்கள் தொடரும்." 1947 இந்திய விடுதலைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் இருப்பது இதுதான். நம் அரசமைப்பின் 372-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. 1962-ஆம் ஆண்டு புதுச்சேரி நிர்வாகச் சட்டமும், ஹாங்காங்குக்கு அரசமைப்பு மாதிரி இருக்கும் அடிப்படைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும் அப்படியே. கோவாவில் பேச்சுவார்த்தையே கிடையாது, 1961 டிசம்பரில் ராணுவம் போய் எடுத்தது. அங்கேயும் பழைய சட்டங்கள் தொடரும் என்றுதான் நாடாளுமன்றம் 1962-இல் எழுதியது. போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் குடும்பப் பகுதிகள் இன்னும் அங்கே நடப்பில் இருப்பது அதனால்தான்.

வாசகம் சுலபம். அதன் மூன்று விளிம்புகளில்தான் ரத்தம் வரும்.

முதல் விளிம்பு: எது விழும் என்று யார் சொல்வது? ஹாங்காங்கில் அந்த அதிகாரம் சீனத் தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழுவுக்கு என்று அடிப்படைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு சொல்லியது. 1997 பிப்ரவரி 23 அன்று அந்தக் குழு சில சட்டங்களை முழுதாகவும், சிலவற்றைப் பகுதியாகவும் ஏற்கவில்லை என்று அறிவித்தது. அதில் தேர்தல் சட்டங்களும் இருந்தன. நீங்கள் மண்ணின் மக்கள் சார்பாகப் பேசினால், இந்த அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் காலக்கெடுவாவது கேளுங்கள்.

இரண்டாவது விளிம்பு: சொற்கள். 'மாட்சிமை தங்கிய ராணி', 'ஆளுநர்' என்று பழைய சட்டத்தில் ஆயிரம் இடத்தில் இருக்கும். அதை இனி யாரென்று படிப்பது? இதற்குத் தழுவல் ஆணை போடும் அதிகாரம் ஒருவருக்குக் கொடுக்கப்படும். அவர் சொல்லை மாற்றுகிறேன் என்று சாரத்தையும் மாற்றிவிடலாம். 372-ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு அந்த அதிகாரத்தைக் கெடு வைத்துத்தான் கொடுத்தது. கெடு இல்லாத தழுவல் அதிகாரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது விளிம்பு எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் மதராஸ் சட்டம் ஒன்றே அதில் மாட்டிக்கொண்டது. 1965-இல் புதுச்சேரி சட்டமன்றம் ஒரு விற்பனை வரிச் சட்டம் போட்டது. தனியாக எழுதாமல், மதராஸ் பொது விற்பனை வரிச் சட்டம் 1959 அப்படியே இங்கும் பொருந்தும் என்றது. அதிலும், இந்தச் சட்டம் அமலுக்கு வரும் நாளுக்குச் சற்று முன்பு மதராஸில் எந்த வடிவில் இருக்குமோ அந்த வடிவில் என்று எழுதிவிட்டது. அமலுக்கு வந்த நாள் 1966 ஏப்ரல் 1. அதற்குள் மதராஸ் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆக, புதுச்சேரி சட்டமன்றம் தான் பார்க்காத திருத்தத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கை தூக்கியிருந்தது. ஷாமா ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-இல் இதைச் செல்லாது என்றது. சட்டமியற்றும் பொறுப்பையே அந்த அவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டது என்பது காரணம். அடுத்த ஊரின் சட்டத்தை இரவல் வாங்கும்போது, 'இன்ன தேதியில் உள்ளபடி' என்று நேற்றைய தேதி ஒன்றைக் குறியுங்கள். நாளைய தேதி வேண்டாம்.

படி 4: பழைய அவை வண்டியிலிருந்து இறங்குமா, அப்படியே பயணிக்குமா?

பேச்சுவார்த்தையின் நடு முதுகெலும்பு இது. உங்கள் மூன்று மணி நேரத்தில் ஒரு மணியை இதற்கு ஒதுக்குங்கள்.

புதுச்சேரியில் அவை இறங்காமலே எல்லை கடந்தது. பிரதிநிதிகள் சபை அப்படியே 1963 ஜூலை 1 அன்று சட்டமன்றமாக மாறியது. இருந்த உறுப்பினர்களே புதிய அவையின் உறுப்பினர்களாகக் கருதப்பட்டார்கள். டெல்லியில் இன்னொரு மாதிரி: அரசமைப்பு எழுத வந்த அவையே விடுதலைக்குப் பின் சட்டமன்றமாகவும் செயல்பட்டது. 1947 நவம்பர் 17 முதல் அது சட்டமன்றமாகத் தனியாகக் கூடும்போது மவலங்கர் சபாநாயகர். அரசமைப்பை விவாதிக்கும்போது தலைமை ராஜேந்திர பிரசாத். ஒரே ஆட்கள், இரண்டு தொப்பி. அவசரத்துக்கு நல்ல ஏற்பாடு.

ஹாங்காங்கிலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். 1984 டிசம்பர் 19 அன்று பிரிட்டனும் சீனாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 1990 ஏப்ரல் 4 அன்று அடிப்படைச் சட்டம் வெளியானது. 1995-இல் தேர்ந்தெடுக்கப்படும் அவை, நிபந்தனைகளுக்குப் பொருந்தினால், 1997-ஐத் தாண்டி 1999 வரை அப்படியே போகலாம் என்பது திட்டம். இதை அங்கே 'நேர் ரயில்' என்றார்கள். எல்லையில் பெட்டி மாறத் தேவையில்லை.

1992-இல் ஆளுநராக வந்த கிறிஸ் பேட்டன் ஓட்டுரிமையை விரிக்கும் சீர்திருத்தங்களை முன்வைத்தார். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைப்பது, தொழில்வாரித் தொகுதிகளில் (ஊர்வாரியாக இல்லாமல் தொழில்வாரியாக ஓட்டுப் போடும் தொகுதிகள்) புதிதாக ஒன்பதைச் சேர்த்து லட்சக்கணக்கான உழைப்பாளிகளை அதில் வாக்காளராக்குவது போன்றவை அவை. பெய்ஜிங் இது பேசியதற்கு மாறு என்றது. 1993 ஏப்ரல் முதல் நவம்பர் வரை 17 சுற்றுப் பேசினார்கள், முடியவில்லை. பழைய அவை 1997 ஜூன் 30-ஓடு முடியும் என்று சீன நிலைக்குழு 1994 ஆகஸ்டில் அறிவித்தது. ரயில் நின்றது.

அதன் பிறகு நடந்ததை மாணவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். 400 பேர் கொண்ட தேர்வுக்குழு 1996 டிசம்பர் 21 அன்று 60 பேர் கொண்ட ஒரு தற்காலிக சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. ஹாங்காங்கில் அப்போதும் பிரிட்டிஷ் ஆட்சிதான், அங்கே இன்னொரு சட்டமன்றம் கூட முடியாது. அதனால் அந்த அவை எல்லைக்கு அந்தப் பக்கம் ஷென்ஜெனில் கூடியது. ரீட்டா ஃபான் அதன் தலைவர். அவர்களில் பலர் ஹாங்காங் பழைய அவையிலும் உறுப்பினர்கள். ஒரே ஊருக்கு ஆறு மாதம் இரண்டு சட்டமன்றம், ஒரே ஆள் இரண்டிலும்.

யார் பக்கம் நியாயம் என்று எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் சண்டை ஓயாது. ஓட்டு விரிந்தது நல்லது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் பேச்சுவார்த்தைக்காரனாகப் பார்த்தால் உறுத்துவது வேறு. பழைய அவை 'பொருந்துமா' என்பதைத் தீர்மானிக்க இருவருக்கும் பொதுவான ஒரு நடுவர் ஏற்பாடு எழுதப்படவே இல்லை. நிபந்தனை இருந்தது, அதை அளக்கும் கோல் ஒரு பக்கத்தின் கையில் மட்டும் இருந்தது.

போர்ச்சுகலிடமிருந்து சீனாவுக்குப் போன மக்காவ் இதற்கு எதிர் உதாரணம். 1987 கூட்டறிக்கை, 1999 டிசம்பர் 20 கைமாற்றம். அங்கே தேர்தலில் வந்த உறுப்பினர்கள் 2001 வரை நேர் ரயிலில் போனார்கள். நடுவழியில் தேர்தல் விதியை யாரும் மாற்றாததுதான் காரணம்.

ஆகவே இந்தப் பிரிவில் நான்கு வாக்கியமாவது இருக்கட்டும். பழைய அவை தொடருமா, தொடர்ந்தால் எதுவரை, கைமாறும் நாளுக்கு முன் தேர்தல் சட்டத்தை ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா, மாற்றினால் தகராறை யார் தீர்ப்பது. மூன்றாவதில் விட்டுக்கொடுத்தால் நான்காவதை இறுக்கிப் பிடியுங்கள்.

படி 5: மசோதா கொண்டுவருபவர் யார், எத்தனை கை வேண்டும்?

அவையில் யார் உட்காருகிறார் என்பதைவிட, உட்கார்ந்தவர் என்ன செய்யலாம் என்பது பெரிது. ஹாங்காங் அடிப்படைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசுச் செலவு, அரசியல் அமைப்பு, அரசின் செயல்பாடு ஆகியவற்றைத் தொடும் மசோதாவை ஒரு சாதாரண உறுப்பினர் கொண்டுவர முடியாது. அரசுக் கொள்கையைத் தொட்டால், ஹாங்காங் அரசின் தலைவரான தலைமை நிர்வாகியின் எழுத்துப்பூர்வ சம்மதம் முன்கூட்டியே வேண்டும். இவற்றைக் கழித்தால் உறுப்பினருக்கு என்ன மிச்சம்?

அப்புறம் ஓட்டெடுப்பு. கைமாற்றத்துக்குப் பின் 1998-இல் வந்த 60 பேர் அவையில் 30 பேர் தொழில்வாரித் தொகுதிகளிலிருந்து வந்தவர்கள், மற்ற 30 பேர் பொதுத் தொகுதி, தேர்தல் குழு வழியாக வந்தவர்கள். அரசு மசோதாவுக்கு வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் போதும். உறுப்பினர் மசோதாவுக்கோ இரண்டு குழுவிலும் தனித்தனியே பாதிக்கு மேல் வேண்டும். அனைவரும் வந்திருக்கும் நாளில் 44 பேர் ஆதரிக்கிறார்கள் என்று வையுங்கள்: ஒரு குழுவில் 30, இன்னொன்றில் 14. மசோதா தோற்றது. அதே அவையில் அரசு மசோதாவுக்கு 31 பேர் போதும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் மாணவர்கள் கொடியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

கோரம் (கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை), சபாநாயகர் தேர்வு, நடைமுறை விதிகளை அவையே எழுதிக்கொள்ளும் உரிமை ஆகியவற்றையும் இதே பிரிவில் முடித்துவிடுங்கள். ஹாங்காங்கில் கோரம் மொத்த உறுப்பினரில் பாதி. நடைமுறை விதிகளை அவையே வகுக்கலாம், அடிப்படைச் சட்டத்துக்கு முரண்படாத வரை.

படி 6: நியமன உறுப்பினர்

ஒரு வரிதானே என்று விடாதீர்கள். 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டம் புதுச்சேரி அவைக்கு 30 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களை வைத்தது. மத்திய அரசு மூன்று பேருக்கு மிகாமல் நியமிக்கலாம் என்றும் எழுதியது. யாரைக் கேட்டு நியமிப்பது, அவர்கள் பட்ஜெட்டுக்கும் நம்பிக்கைத் தீர்மானத்துக்கும் ஓட்டுப் போடலாமா என்று விளக்கவில்லை. 2017-இல் மூன்று பேரை மத்திய அரசு நேரடியாக நியமித்தது. விவகாரம் எங்கள் தெரு முனையில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2018 மார்ச்சில் நியமனம் செல்லும் என்று தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது, ஓட்டுரிமையும் உண்டு என்றது. 2021 பிப்ரவரியில் புதுச்சேரி அரசு கவிழ்ந்த நம்பிக்கைத் தீர்மானத்தின்போதும் இதே தகராறு அவையில் ஒலித்தது.

1963-இல் எழுதாமல் விட்ட இரண்டு வாக்கியத்துக்கு 2018 வரை வக்கீல் கட்டணம் போனது. தொழில்முறையில் எனக்கு அதில் வருத்தம் இல்லை என்றாலும் நீங்கள் எழுதிவிடுங்கள்.

படி 7: பின்னால் மாற்றுவது எப்படி, பொருள் சொல்வது யார்?

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். 1956 உடன்படிக்கையில் இரண்டு நல்ல முன்மாதிரிகள் உண்டு. புதுச்சேரியின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்பது ஒன்று. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரை பிரெஞ்சு அலுவல் மொழியாக இருக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவது வாசகத்தை நான் மெச்சுவேன். தொடர்ச்சியும் இருக்கிறது, அதை முடிக்கும் சாவி உள்ளூர் அவையிடமும் இருக்கிறது. முதலாவதில் மக்களின் விருப்பத்தை எப்படி அறிவது என்று சொல்லவில்லை. உங்கள் வரைவில் 'பொது வாக்கெடுப்பு' என்றோ 'அவையின் மூன்றில் இரண்டு பங்கு' என்றோ எழுதுங்கள்.

பொருள் சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். ஹாங்காங்கில் 158-ஆம் பிரிவு இறுதிப் பொருள் விளக்கத்தை சீன நிலைக்குழுவிடம் கொடுத்தது. 1999-லேயே அது பயன்படுத்தப்பட்டது. பேரம் பேச உட்கார்ந்தால் இந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

படி 8: முதல் இரவின் நிகழ்ச்சி நிரல்

கைமாறிய நொடிக்கும் முதல் கூட்டத்துக்கும் நடுவில் செய்யப்படும் கைதுக்கு எந்தச் சட்டம்? ஏற்கெனவே நடக்கும் வழக்குகள்? நீதிபதிகளின் பதவிப் பிரமாணம்? ஹாங்காங்கில் தற்காலிக அவை 1997 ஜூலை 1 விடியற்காலை இருட்டோடு கூடியது. ஷென்ஜெனில் நிறைவேற்றி வைத்த மசோதாக்களை உறுதிசெய்தது. பழைய சட்டங்கள், நீதிமன்றங்கள், நிலுவை வழக்குகள், அரசு ஊழியர்கள் எல்லாம் தொடரும் என்று மறுஇணைப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இவ்வளவு முன்னேற்பாடு செய்தும் ஒரு மாதம் தாங்கவில்லை. ஒரு குற்ற வழக்கில் மாட்டியவர்கள், பழைய பொதுச் சட்டம் (காமன் லா) எல்லை தாண்டி வரவில்லை, தற்காலிக அவையே சட்டப்படி செல்லாது, ஆகவே எங்கள் மீதுள்ள குற்றச்சாட்டும் செல்லாது என்று வாதாடினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூலை 29 அன்று அதை மறுத்தது.

உங்கள் வரைவை இப்படித்தான் சோதிக்க வேண்டும். முடித்ததும் குழுவில் ஒருவரை அன்றிரவு கைதானவரின் வக்கீலாக உட்கார வையுங்கள். அரை மணி நேரம் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் ஓட்டை தேடச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் அந்த நாற்காலிக்கு இப்போது போட்டி. போன வாரம் உட்கார்ந்தது, முதல் கூட்டத்தை யார் கூட்டுவது என்று அன்று கேட்ட அதே பெண். எட்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்: நள்ளிரவு என்று எழுதியிருந்தோம், யாருடைய கடிகாரத்தில் என்று எழுதவில்லை.